கண்டது அறிவாகுமா?

உலகச் செய்தி, விஞ்ஞானம், கலை, வாணிபம் ஆகிய நான்கையும் இரண்டு மூன்று நிமிடங்களில் அடக்கிக் காட்டும் காணொளிகள் இன்று நம் கைப்பேசிகளில் ஓயாது ஓடுகின்றன. தோட்டத்துக் காரியாலயத்தில் கிராணி வேலை பார்க்கும் நாமும், மத்தியான உணவு வேளையில் எரிமலையையும் பங்குச் சந்தையையும் அடுத்தடுத்துக் கண்டு, "இன்றைக்கு உலகத்தை அறிந்துகொண்டோம்" என்னும் திருப்தியோடு மீண்டும் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறோம். அத்திருப்தி நியாயமானதா? கண்டது அறிவாகுமா? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகும் விஷயம்.

குறுகிய காட்சி என்பது நம் காலத்தார் கண்ட புதுமையன்று. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக் காட்டிய பத்துப் படங்களும் தனித்தனியே ஒரு நிமிட அளவினவே. 1910இல் பாத்தே கம்பெனியார் இங்கிலாந்தில் செய்திப் படங்களை வெளியிடலாயினர். ஆனால் அவற்றிற்கும் முன்னரே, 1902இல், மெலியே என்னும் பிரெஞ்சுக்காரர் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவை, அது நடைபெறுவதற்கு முன்பே, தம் தேசத்தில் அரங்கம் அமைத்து நடிகர்களைக் கொண்டு படமாக்கிவிட்டார். காட்சி உண்டு என்பதனாலேயே நிகழ்ச்சி அவ்வாறு நடந்தது என்பது பெறப்படாது என்னும் பாடம் அன்றே கிடைத்தது.

இதனால் குறுங்காட்சிகள் யாவும் வீண் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளவேண்டா. 1984ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், எத்தியோப்பியாவின் கொரெம் என்னுமிடத்தில் பஞ்சத்தால் மடிந்துகொண்டிருந்த மக்களை பி.பி.சி. தொலைக்காட்சி காட்டிற்று. படம் பிடித்தவர் முகம்மது அமீன். செய்தி கூறியவர் மைக்கேல் பூர்க். சில நிமிடங்களே ஓடிய அக்காட்சி உலகத்தின் மனச்சாட்சியை உலுக்கியது. 1985 ஜூலை 13இல் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த இசை நிகழ்ச்சிகள் பெரும்பொருள் திரட்டின. அப்படம் இல்லையேல் அவ்வுதவியும் இல்லை.

ஆயினும் கண்ணுக்குத் தெரிந்தவை வறண்ட நிலமும் மெலிந்த உடல்களுமே. உள்நாட்டுப் போரும், அரசாங்கத்தின் படை நடவடிக்கையும், கட்டாயக் குடிபெயர்ப்பும் அந்நாட்டின் துயரைப் பெருக்கின என்பதைக் கண் காணாது. அதனைப் படித்தும் கேட்டுமே அறிதல் வேண்டும். இரக்கம் நிமிடத்தில் பிறக்கும். காரணம் நிமிடத்தில் விளங்காது.

இதனை நம் தொழிலைக் கொண்டே சோதித்துப் பார்த்தோம். 2022 மார்ச் மாதத்தில் கச்சாச் செம்பனை எண்ணெயின் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைக் கடந்தது. அதைப் பற்றி வந்த காணொளி ஒன்று, உக்ரேனில் போர் மூண்டதால் சூரியகாந்தி எண்ணெய் தடைப்பட்டது, செம்பனைக்குப் பொற்காலம் பிறந்தது என்று கூறி முடிந்தது. கூறியதில் பொய் இல்லை. ஆனால் 2020இல் தொற்றுநோயின் பொருட்டு அயல்நாட்டுத் தொழிலாளர் வருகை நிறுத்தப்பட்டமையால், பறிக்க ஆளின்றிப் பழுத்த குலைகள் மரத்திலேயே அழுகியதை அது கூறவில்லை. இருவர் வேலையை ஒருவர் செய்ததையும், விலை ஏறிய அளவிற்குக் கூலி ஏறாததையும் அது கூறவில்லை. அவற்றை நாம் அறிவோம். ஏனெனில் அக்கணக்கை எழுதியவர்கள் நாமே.

நாம் அறிந்த பொருளில் இத்தனை விடுபட்டிருக்குமாயின், அறியாத பொருள்களில் எத்தனை விடுபட்டிருக்கும்? இவ்வையம் எழுந்த பின்னும், அடுத்த காணொளி சீனத்து வாணிபத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், அதனை வேதவாக்காய் ஏற்றுத் தலையசைத்தோம். மனித மனத்தின் பேதைமைதான் என்னே!

நிற்க. இதனினும் வெட்கத்திற்குரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 ஜூன் மாதத்தில், வங்காள தேசத்தின் சில்ஹெட் பகுதியில் பெருவெள்ளம் புகுந்து பல இலட்சம் மக்கள் அல்லலுற்ற காட்சியைக் காரியாலயத்தில் கண்டுகொண்டிருந்தோம். கண்களில் நீர் துளிர்த்தது. அப்பொழுது கையில் செம்பனை முள் ஏறி வீங்கிய தொழிலாளி ஒருவர், மருத்துவச் சீட்டு வேண்டிச் சன்னலருகே வந்து நின்றார். நாம் தலையைத் தூக்காமலே, பொறுக்குமாறு கையைக் காட்டினோம். அவர் பொறுத்திருந்தார். பின்னர் நம் கைப்பேசியை நோக்கி, மலாய் மொழியில் மெல்ல, "அது எங்கள் ஊர்ப் பக்கம், ஐயா" என்றார்.

மூன்றாண்டுகளாக அவர் பெயரைப் பேர் பதியும் ஏட்டில் நாள்தோறும் எழுதி வந்தோம். எந்த ஊர் என்று ஒருநாளும் கேட்டோமில்லை. அன்று நாணத்தோடு கேட்டோம். அவர் ஊரில் ஆண்டுதோறும் வெள்ளம் வருவதுண்டாம். மழைக்காலத்தில் வயல்கள் கடல்போல் ஆகுமாம். நீர் வந்தது புதிதன்று, இவ்வளவு வந்ததே புதிதாம். வீட்டில் சேர்த்து வைத்த நெல் நனைந்துவிட்டதாம். தம்பியிடமிருந்து இரண்டு நாட்களாகத் தகவல் இல்லையாம். வீங்கிய கையைவிட அத்தகவலே அவரை வருத்தியது. அவர் கூறிய பத்து நிமிடத்தில் அக்காணொளியின் பொருள் நமக்கு விளங்கிற்று.

திரையில் கண்ட துயரம் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. கண்ணீர் விட்டதும், நல்லவர் என்ற பட்டத்தை நாமே நமக்குச் சூட்டிக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போய்விடலாம். எதிரே நிற்பவரின் துயரமோ சீட்டுக் கேட்கிறது, நேரம் கேட்கிறது, சில வேளைகளில் மேலதிகாரியிடம் அவருக்காகப் பேசும் தைரியத்தையும் கேட்கிறது. முன்னதில் பழகிப் பழகிப் பின்னதற்கு மனம் மரத்துப்போகுமாயின், உலகத்தைக் காட்டும் கருவியே உலகத்தை மறைக்கும் திரையாகிவிடும்.

ஆதலின் தோழர்களே, காணொளிகளைக் காணுங்கள், விலக்க வேண்டா. நம் பாட்டனார்க்குக் கிட்டாத சாளரம் அது. ஆனால் எதைக் கண்டாலும், இதைக் காட்டுபவர் யார், இதற்கு முன் நடந்தது யாது, இதற்குப் பின் நடப்பது யாது என்று வினவுங்கள். பத்துக் கண்டால் ஒன்றையேனும் பற்றிக்கொண்டு, அதைக் குறித்து ஒரு நூலைப் படியுங்கள். அவ்வூரார் அருகில் இருப்பின் அவரிடமே கேளுங்கள். நம் தோட்டங்களில் நேப்பாளமும் இந்தோனேசியாவும் வங்காள தேசமும் நம்மோடு ஒரே நிரையில் நிற்கின்றன, கேட்பதற்குக் கட்டணமில்லை.

அத்தொழிலாளியின் தம்பி நலமாயிருக்கும் செய்தி மறுவாரம் வந்தது. அதை எந்தக் காணொளியும் அறிவிக்கவில்லை. அவரே காரியாலயத்திற்கு வந்து நம்மிடம் சொல்லிப் போனார்.