வைத்யன் என்னும் திருநாமம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வியாசர்பாடியில் புதுவீட்டுக்குத் தளம் போட்டவுடன், கொத்தனார் அதன்மேல் சிறு பாத்திகள் கட்டி நீரைத் தேக்குவார். தூண்களில் ஈரச் சாக்கைச் சுற்றுவார். இதற்கு அவர் இட்ட பெயர் 'க்யூரிங்'. அருகே ஸ்டான்லி மருத்துவமனையில் நோயாளியோடு நிற்பவர் கேட்பதும் அதே சொல்லால்தான்: "இது க்யூர் ஆகுமா?" திருவொற்றியூர் டயர் ஆலையில் ரப்பரைச் சூடேற்றி உறுதிப்படுத்துவதும் அச்சொல்லாலேயே வழங்கும். இதைக் கேட்டபோது, எம்பெருமானை 'வைத்யன்' என்று அழைப்பதன் பொருளைச் சிந்திக்கத் தோன்றிற்று.

இவ்வாங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் மொழியின் 'கூரா'. கவலை, கவனம், பேணுதல் என்பன அதன் பொருள்கள். ஆத்மாக்களைப் பேணும் பொறுப்புடைய பாதிரியாருக்கு 'க்யூரேட்' என்றும், அருங்காட்சியகப் பொருள்களைக் காப்பவருக்கு 'க்யூரேட்டர்' என்றும் பெயர் வந்தது இதனாலேயே. சிமெண்டுத் தளத்துக்கு நோய் ஏதுமில்லை. சிமெண்டு நீரோடு சேர்ந்தே இறுகுகிறது. ஈரம் முன்னதாக வற்றினால் தளம் வெடிக்கும், வலுக் குன்றும். ஆகவே குறைந்தது 7 நாட்களாவது அதைக் காயவிடாமல் காக்கிறார்கள். சொல்லின் பழம்பொருள் கொத்தனாரிடம் பழுதின்றி இருக்கிறது.

வியாசர்பாடி ஜீவா நிலையத்திலிருந்து மின்ரயிலில் திருவள்ளூர் செல்லலாம். அமாவாசைதோறும் ஹ்ருத்தாபநாசினியில் நீராடி, திருஎவ்வுள் வைத்ய வீரராகவனைச் சேவிக்க அடியார்கள் திரள்கிறார்கள். சிலருக்கு நோய் தீர்கிறது, சிலருக்குத் தீர்வதில்லை. தீராதவர் உள்ளத்தில் எழும் வினா கூர்மையானது: "வைத்யன் என்று பெயர் பூண்டவன் என்னை மட்டும் கைவிட்டானோ?" உன் பக்தியில் குறையிருக்கும் என்று சொல்லி, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவாரும் உளர்.

அப்படிச் சொல்வது ஸம்ப்ரதாயமன்று. இவ்வூர்ப் பெயரை வேதவ்யாஸரோடு இணைத்துச் சொல்வது வழக்கம். அவர் அருளிய ப்ரஹ்மஸூத்ரத்தின் நான்காம் அத்யாயம், முதற்பாதத்தில் இதற்கு விடையுண்டு. ப்ரஹ்மவித்யையில் நிலைபெற்றவனுக்கும், பலன் தரத் தொடங்காத முன்வினைகளே அழியும். பலன் தரத் தொடங்கிவிட்ட ப்ராரப்தம் அநுபவித்தே கழிய வேண்டும். எம்பெருமானாரும் ஸ்ரீபாஷ்யத்தில் அவ்வாறே நிலைநாட்டியருளினார். ஆகவே உடல்நோய் நீங்காமை பக்திக்குறைக்கு அடையாளமாகாது.

கூரத்தாழ்வானைவிட பக்தியில் உயர்ந்தவரைக் காட்ட முடியுமோ? எம்பெருமானாருக்காகக் கண்களை இழந்த அவரை, பேரருளாளனிடம் கண் வேண்டும்படி நியமித்தார் உடையவர். ஆழ்வானோ, அந்த இழப்புக்குக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே கிட்டவேண்டும் என்று ப்ரார்த்தித்தார். தம் கண்ணைவிடப் பிறர் உய்வு அவருக்குப் பெரிதாயிருந்தது. குலசேகரப் பெருமாளும் பெருமாள் திருமொழியில், வித்துவக்கோட்டம்மானை நோக்கிப் பாடும் பதிகத்தில், உடலைக் கீறி வருத்தினாலும் மருத்துவனிடம் அன்பு குன்றாத நோயாளியைத் தமக்கு உவமையாக்கினார். குணம் கண்டபின் பிறக்கும் நன்றி வேறு. அவன் கையிலிருக்கிறோம் என்பதனாலேயே மாறாதிருக்கும் அன்பு வேறு.

அப்படியாயின் நோய் தீர வேண்டுவது தவறோ? ப்ரயோஜநாந்தரம் விரும்பாத பரமைகாந்திகளின் நிலை உயர்ந்ததே. ஆயினும் வலியால் அழும் குழந்தையைத் தாய் தள்ளுவதில்லை. அழலாம், மருந்தும் உண்ணலாம். ஆனால் தீர்ந்தால் இருக்கிறான், தீராவிடில் இல்லை என்று கணக்கிடலாகாது. வைத்யன் என்னும் திருநாமம் தீர்த்தலை மட்டுமன்று, பேணுதலையும் சொல்கிறது. தீர்த்தல் ப்ராரப்தத்தையும் அவன் திருவுள்ளத்தையும் பொறுத்தது. பேணுதல் ஒருநாளும் ஓய்வதில்லை.

அதே 'கூரா'விலிருந்து இன்னொரு சொல்லும் பிறந்தது. அச்சமின்றிப் பாதுகாப்பாக இருப்பதை ஆங்கிலத்தில் 'செக்யூர்' என்பர். கவலையினின்று நீங்கியவன் என்பதே அதன் மூலப்பொருள். நம் பூர்வர்கள் நிர்பரன் என்றது இந்நிலையை நினைப்பூட்டுகிறது. பரத்தை அவன் திருவடியில் வைத்தவனுக்குக் கவலை அவனுடையது. இவன் மார்பிலே கைவைத்து உறங்கலாம். சொல்லாராய்ச்சி தத்துவத்துக்கு ப்ரமாணமாகாது; ஆயினும் அறிந்த பொருளைத் தெளிவாகக் காட்ட உதவும்.

நமக்கு ஒரு கடமை எஞ்சுகிறது. பிறருடைய நோய்ப்படுக்கையருகே நின்று ப்ராரப்தம் பேசுவது வேண்டா. அது தன் துன்பத்தைப் பொறுப்பதற்காகக் கற்ற பாடம். பிறர் துன்பத்தை ஒதுக்குவதற்கன்று. கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும், இரவில் துணையிருப்பதும், மருத்துவமனை வரிசையில் அவருக்காக நிற்பதும் நம்மால் இயலும். தீர்ப்பது நம் கையில் இல்லை. ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் உண்டு. வைத்ய வீரராகவன் அடியார்க்கு அதுவே கைங்கர்யம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்