தேவகி காணாத வருஷம்

பிறந்த மாதத்தில் பிறந்த நக்ஷத்திரம் என்று வருகிறது எனப் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அது ஆங்கிலத் தேதியோடு பொருந்தாமல் பல நாள் முன்னோ பின்னோ விழுந்தாலும் நக்ஷத்திரத்தையே பிரமாணமாகக் கொண்டு, ஆயுஷ்ய ஹோமம் வளர்த்து, நெய் கலந்த அன்னத்தை அக்கினியில் ஆஹுதியாக இட்டு, சிரஞ்சீவியான மார்க்கண்டேயரை நினைத்து நூறாண்டு ஆயுளை வேண்டிக்கொண்டு, பந்துக்களுக்கெல்லாம் இலை போட்டு நாம் நடத்துகிற ஆண்டு நிறைவு என்னும் வைபவத்தில், எந்த ஜீவனுக்காக இத்தனையும் நடக்கிறதோ அந்த ஜீவன் மாத்திரம் புகையில் கண் எரிந்து அழுது, அழுது ஓய்ந்து உறங்கி, பிற்காலத்தில் அந்த நாளின் அணுவளவையும் நினைவில் வைத்துக்கொள்ளாமற் போய்விடுகிறது. உபநயனத்தையும் விவாகத்தையும் அவற்றுக்கு உரியவர்கள் ஆயுள் முழுவதும் நினைத்திருக்கிறார்கள். முதலாண்டின் பூர்த்தியை நினைத்திருப்பவர்களோ பெற்றோர்கள்தாம். அப்படியானால் அந்த நாள் யாருடையது?

குழந்தையின் ஞாபகத்தைப் பற்றி நம் தார்க்கிகர்கள் கொண்டிருந்த மதிப்பு மிகப் பெரியது என்பது இங்கே கவனிக்கத் தக்கது. ஆத்மா தேகத்தோடு தோன்றுவதன்று, அதற்கு முன்பே உள்ளது என்று ஸ்தாபிக்கப் புகுந்த கௌதமர், நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் சாக்ஷிக் கூண்டில் ஏற்றுவது சிசுவைத்தான். இவ்வுலகில் இன்னும் எதையுமே அநுபவித்திராத குழந்தை மகிழ்கிறதே, அஞ்சுகிறதே, துக்கிக்கிறதே, ஒருவரும் கற்பிக்காமல் முலைப்பாலை நாடுகிறதே, இவையெல்லாம் முற்பிறவியில் பழகியவற்றின் நினைவுத் தொடர்ச்சியன்றி வேறென்ன என்பது அவர் வாதம். தாமரை மலர்வதும் குவிவதும் போல அது இயல்பாக நிகழலாகாதா என்றும், இரும்பு காந்தத்தை நாடுவதற்குப் பூர்வ ஜன்ம வாசனையா காரணம் என்றும் எதிர்வாதி கேட்கிறான். தாமரையின் விகாரத்துக்கு வெயிலும் குளிரும் மழையும் காரணமாக இருக்கின்றன என்றும், இரும்பு காந்தத்தை நோக்கி மட்டுமே நகர்வதால் அதற்கும் நியதமான ஒரு காரணம் உண்டு என்றும் விடை சொல்லப்படுகிறது. எதிர்வாதியின் தாமரை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை மறைப்பானேன். ஆனாலும் வாதத்தில் வென்றவர் கௌதமரே என்று வைத்துக்கொள்வோம்.

அப்போது விளைவது ஒரு விசித்திரம். சென்ற பிறவியின் பால்சுவையை மறவாத ஆத்மா, இந்தப் பிறவியில் தனக்கென்று பாயசம் வைத்துப் பத்துப் பேர் கூடி ஆசீர்வதித்த நாளை அடியோடு மறந்துவிடுகிறது! நையாயிகரைக் கேட்டால், ஸம்ஸ்காரம் உள்ளே இருக்கத்தான் இருக்கிறது, அதைத் தட்டி எழுப்பும் நிமித்தம் வாய்க்கவில்லை, அவ்வளவே என்று சொல்லி முடித்துவிடுவார். தர்க்கத்துக்கு அந்த விடை போதும். தகப்பன் மனத்துக்குப் போதவில்லை.

என் மகளின் ஆண்டு நிறைவன்று பெரியவர்கள் தூவிய அட்சதை கூடம் எங்கும் சிதறிக் கிடந்தது. வைதிகர் மந்திரத்தை உச்ச ஸ்வரத்தில் சொல்லிக்கொண்டிருக்க, அவள் தாயின் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, பட்டுப்பாவாடை தடுக்கத் தடுக்கத் தவழ்ந்து, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மிகுந்த சிரத்தையோடு குவித்து, மஞ்சள் தோய்ந்த அந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளலானாள். தீர்க்காயுளை வேண்டி நாங்கள் சொரிந்த ஆசீர்வாதத்தை அவள் தின்றுகொண்டிருந்தாள் என்பது என் காட்சி. என் மனைவிக்கு இது ஞாபகமே இல்லை. தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துகையில் குழந்தை அழாமல் பத்தரின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தது என்று அவள் சொல்கிறாள். நானோ தெருக்கோடி வரையில் கேட்ட ஓர் அலறலை நினைத்திருக்கிறேன். என் தாயார் அன்று பிற்பகல் நல்ல மழை என்று சாதித்துவந்தார்; வேறொருவரும் அந்த மழையைக் கண்டதில்லை. இவ்வளவும் போதாதென்று, வளர்ந்துவிட்ட மகள் இப்போது, "அட்சதையைப் பொறுக்கித் தின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அப்பா" என்று என்னிடமே சொல்கிறாள். நான் சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான் அது. ஆயினும் அவளுடைய நாளை அவள் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாளே ஒழிய, இல்லாத ஒன்றைக் கற்பித்துக்கொண்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேனாட்டுத் தத்துவிகளுள் இந்த மறதியைக் கண்டு உண்மையாகவே கலங்கியவர், கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்து பின்னர் ஹிப்போ நகரத்துப் பிஷப்பாக விளங்கிய அகஸ்டின். தம் வாழ்க்கையைக் கடவுளின் சந்நிதியில் விவரிக்கும் நூலின் முதற் பாகத்திலேயே, தம் சிசுப் பருவத்தைத் தாம் அறியவில்லை என்றும், பிறர் சொல்ல நம்பியும் பிற குழந்தைகளைப் பார்த்து ஊகித்துமே அதைத் தெரிந்துகொண்டதாகவும், கருப்பையின் இருளைப் போலவே அதுவும் மறதியின் இருளில் கிடப்பதால் அதைத் தம் வாழ்க்கையின் ஒரு பகுதியாக எண்ணத் தயக்கமாயிருக்கிறது என்றும் அவர் எழுதுகிறார். நினைவில் இருப்பதே தன்னுடையது என்பது அறிவாளியின் கணக்கு. அந்த மகானின் தாயார் மோனிக்காவிடம் கேட்டிருந்தால், தன் மகனுடைய வாழ்க்கையின் தொடக்கத்தை இப்படி வெட்டி எறிய அவர் சம்மதித்திருப்பாரா என்பது சந்தேகமே.

நம் வேதாந்திகள் வேறு வழியாக வந்து ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறார்கள். ஆத்மா நினைவுகளுக்கு அப்பாற்பட்டது. குழந்தையின் நாளைப் பெற்றவர்கள் பொக்கிஷமாகப் போற்றுவது மமகாரம். தாயற்ற மான்குட்டியை வளர்த்து, அந்திம காலத்திலும் அதையே நினைத்து, மானாகவே பிறந்த பரதனின் கதை தெரியாதா என்பார்கள். தெரியும். மானாய்ப் பிறந்த பின்னும் பரதனுக்குப் பூர்வ ஜன்ம ஞாபகம் அழியவில்லை என்றும், அதுவே அவனை நெறிப்படுத்திற்று என்றும் அந்தக் கதையே சொல்வதும் தெரியும்.

பாகவதம் வைராக்கியத்தைப் போதிக்கும் நூல்தான் என்றாலும், தசம ஸ்கந்தத்தில் அது குழந்தை வளர்க்கும் வீட்டின் கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. கண்ணன் முதன்முறையாகக் குப்புறப் புரண்டதைக் கொண்டாடும் விழா, ஜன்ம நக்ஷத்திரமும் கூடிய நாளில் கோகுலத்தில் நடக்கிறது. அந்தணர்களுக்கு அன்னமும் வஸ்திரமும் பசுக்களும் அளித்து, வந்த பெண்களை உபசரித்துக்கொண்டிருந்த யசோதைக்கு, வண்டியின் கீழே படுக்க வைத்திருந்த குழந்தை பாலுக்கு அழுத குரல் காதில் விழவில்லை என்று சுகர் சொல்லுகிறார். குழந்தை காலை உதைக்கிறது. வண்டி கவிழ்ந்து சக்கரமும் அச்சும் சிதறுகின்றன. அந்த வண்டியைச் சகடாசுரன் என்று கொள்ளும் வியாக்கியானங்கள் பெரியவர்களுக்கு உரியவை. குழந்தைக்காக எடுத்த விழாவில் குழந்தையின் அழுகையைக் கேளாமல் விருந்தினரைக் கவனித்த ஒரு தாயை அந்த நூல் நிந்திக்காமல் காட்டியிருப்பதே எனக்குப் பெரிய ஆறுதல். நம் வீடுகளிலும் அதுவேதான் நடக்கிறது.

ஆயினும் யசோதை அங்கே இருந்தாள். இருந்தும் கேளாமற் போனவளுக்கும், இருக்கவே கொடுத்து வைக்காதவளுக்கும் உள்ள தூரம் பெரிது. கம்சவதம் முடிந்தபின், தன்னைப் பெற்ற வசுதேவரையும் தேவகியையும் வணங்கிய கண்ணன், தங்கள் பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தையும் இளமையையும் அநுபவிக்கும் பாக்கியம் அவர்களுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லையே என்று தானே எடுத்துச் சொல்கிறான். பிற்காலத்தில், கம்சன் கொன்ற தன் ஆறு பிள்ளைகளைக் காண வேண்டும் என்று தேவகி கேட்டபோது, சுதலத்திலிருந்து அவர்களைக் கொண்டுவந்து அவள் மடியில் விட்டான், அவள் பாலூட்டினாள், அவர்கள் தேவலோகம் ஏகினர். மாண்ட குழந்தைகளை மீட்டுத் தர முடிந்தவனிடம் தேவகி தான் காணாத அவனுடைய சொந்த முதலாண்டைக் கேட்டதாகப் பாகவதத்தில் இல்லை.

கேட்டதாகப் பாடியவர் சேர நாட்டுக் குலசேகரர். பெருமாள் திருமொழியின் ஏழாம் பத்து முழுவதும் தேவகியின் புலம்பலாக அமைந்திருக்கிறது. தாலாட்டும் மழலையும் தயிர் வாரி உண்ட முகமும் அஞ்சி நின்ற நிலையும் யாவும் யசோதைக்கே வாய்த்தன என்று ஏங்கி ஏங்கி, முடிவை அணுகும் இடத்தில், நீ ஆடிய அந்த விளையாட்டுகளில் ஒன்றையும் நான் கண்டு உளங்குளிரவில்லை, இனியேனும் காண வழி உண்டானால் அருள்வாய் என்று அவள் விண்ணப்பம் செய்கிறாள். செங்கோல் ஏந்திய ஓர் அரசர், ஸர்வ வல்லமை வாய்ந்த தெய்வத்திடம் கேட்பதற்கு வேறொன்றும் தோன்றாமல் ஒரு தாய் இழந்த பிள்ளைப் பருவத்தைக் கேட்டிருக்கிறார் என்பதை நினைக்கும்போது, மமகாரம் என்று ஒதுக்கும் வேதாந்தியைவிட இவரே இந்த விஷயத்தை அறிந்தவர் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பத்தில் கண்ணனுடைய மறுமொழி என்று ஒரு சொல்லும் இல்லை.