தன்னையே அளந்து திருத்தும் சில்லு

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசு வணிகத்தில் பழகிய எடைக்கற்களுள் ஒரு கிலோ கல்லை ஒரு தட்டிலும், 500, 200, 200, 100 கிராம் கற்களை எதிர்த்தட்டிலும் வைத்தால், வெளியிலிருந்து வேறொரு கல் வராமலேயே அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு வெளிப்பட்டுவிடும். எண்களை மின்னோட்டமாக மாற்றும் இலக்க-ஒப்புமை மாற்றி என்னும் சில்லும் இவ்வாறே தன் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது.

16 பிட் மாற்றியில் 65,536 நிலைகள் உண்டு. அதன் மிகப் பெரிய பிட்டின் மின்னோட்டம், எஞ்சிய 15 பிட்டுகளின் கூட்டுத்தொகையைவிட ஒரே ஒரு படி மட்டும் மிகுந்திருந்தால்தான், எண்ணுக்கேற்ப வெளியீடு நேர்கோட்டில் ஏறும் நேரியல்பு நிலைக்கும். டிரான்சிஸ்டர்களின் உற்பத்தியில் நேரும் நுண்ணிய வேறுபாடுகளோ, எண் ஏறும்போது வெளியீட்டை இறங்கச் செய்யும் அளவுக்கு இதைக் குலைத்துவிடக்கூடும். 1989-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் குருனவெல்டும் குழுவினரும் வெளியிட்ட முறை இதற்கு அழகான தீர்வு: மின்னோட்ட மூலங்கள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு, அவ்விடத்தில் உபரி மூலமொன்று பணியாற்ற, விலகிய மூலம் ஒரே மேற்கோள் மின்னோட்டத்துக்கு இணையாக்கப்பட்டு, அத்திருத்தம் டிரான்சிஸ்டரின் வாயில் முனையில் மின்னூட்டமாகத் தேக்கப்படுகிறது. தேங்கியது மெல்லக் கசிவதால் இச்சுழற்சி இடையறாது தொடர்கிறது. வெப்பநிலை மாற்றமும் மூப்பும் உடனுக்குடன் ஈடுசெய்யப்படுவது இதன் பெருஞ்சிறப்பு.

எனினும், இம்முறை உறுப்புகளுக்கிடையேயான விகிதத்தையே காக்கும். வெளியீட்டின் முழு மதிப்பு மேற்கோள் மூலத்தின் துல்லியத்தையே சார்ந்திருக்கும்.