சிபாரிசு

என் வாழ்நாளில் நான் எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. வேலைக்கு, கல்லூரி இடத்துக்கு, ஒரு முறை வாடகை வீட்டுக்குக்கூட எழுதிக் கொடுத்திருக்கிறேன். "இவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும், யோக்கியர்" என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது என் மனச்சாட்சி பெரிதாக உறுத்தியதில்லை. பெற்றுக்கொள்கிறவருக்கும் அது சிபாரிசுதான் என்று தெரியும். பாதியைக் கழித்துக்கொண்டுதான் படிப்பார். ஆனால் சென்ற கோடையில் ஒரு சிபாரிசு என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. அது புத்தகங்களைப் பற்றியது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத வேண்டியது. பாதியைக் கழித்துக்கொள்ளும் சாமர்த்தியம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே வந்து, தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் நல்லவாடு. அதற்கு அப்பால் கடல்தான். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஓர் ஆசிரியை எனக்கு எழுதியிருந்தார். இளைஞர்கள் பணம் சேர்த்து ஓர் அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறார்களாம். நாற்பது புத்தகங்கள் வாங்கலாமாம். "புதிதாக வந்திருக்கும் படப் புத்தகங்கள், சிறுவர் நாவல்கள் எவை நல்லவை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று முடித்திருந்தார்.

நாவல் எழுதுகிறவனுக்குக் குழந்தைகளின் புத்தகங்களும் தெரிந்திருக்கும் என்று உலகம் நம்புகிறது. சமையற்காரனிடம் வைத்தியம் கேட்கிற மாதிரிதான் இது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். தெரியாது என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான்.

முதல் சில பெயர்களை எழுதுவது சுலபமாகவே இருந்தது. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கென்று தனியாகப் பரிசு தருகிறது. அந்த வரிசையில் 2020-இல் பரிசு பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', கீழடியைக் கதைக்களமாகக் கொண்டு 2023-இல் பரிசு பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025-இல் பரிசு பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' மூன்றையும் எழுதினேன். ஜப்பானியச் சிறுமி டோட்டோ-சானின் கதையும் தமிழில் இருக்கிறது, அதையும் சேர்த்தேன். சென்னையில் 1990-களில் தோன்றிய தாரா, தூலிகா ஆகிய பதிப்பகங்களின் படப் புத்தகங்கள் சிலவற்றையும் குறித்துக்கொண்டேன். என் தலைமுறைக்குச் சோவியத் தேசத்திலிருந்து வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு தமிழ்ப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன. கைச்செலவுக் காசுக்கே கிடைக்கும். 1991-இல் அந்தத் தேசமே இல்லாமல் போயிற்று, புத்தகங்களும் நின்றன. ஒரு ராஜ்யம் கவிழ்ந்ததற்கு நான் துக்கப்பட்ட காரணம் இது ஒன்றுதான். போகட்டும்.

பதினேழாவது பெயரில் பேனா நின்றுவிட்டது. எந்த உரிமையில் இதைச் செய்கிறேன்?

இந்தக் கேள்வி பழையது. பிளேட்டோ தம்முடைய இலட்சிய நாட்டில் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளை முதலில் சல்லடை போட்டுச் சலிக்க வேண்டும் என்றார்; ஹோமரே அந்தச் சல்லடையில் தங்கவில்லை. 1762-இல் ரூஸோ 'எமீல்' எழுதினார். தம் கற்பனை மாணவனுக்குப் புத்தகமே வேண்டாம் என்றார். லா ஃபோந்தேனின் காக்கையும் நரியும் வேண்டாம். அதில் பிள்ளை நரியின் பக்கம் சாய்ந்துவிடுவான் என்று பயந்தார். பிறகு ஒரே ஒரு புத்தகத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்: 'ராபின்சன் குரூசோ'. இத்தனை கண்டிப்பான மனிதரே சிபாரிசு செய்த புத்தகம் என்று நானும் அதன் தமிழ்ச் சுருக்கத்தைப் பட்டியலில் சேர்த்தேன். கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கடல் கதை. இதைவிடப் பொருத்தம் ஏது?

மே மாதம் நல்லவாட்டுக்குப் போனேன். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போவதில்லை. ஆண்கள் நிழலில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார்கள். நான் கொண்டுபோன பத்துப் புத்தகங்களைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

குரூசோ கதையை நானே சொன்னேன். தீவில் தனியாக அகப்பட்டவன், மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு பெரிய மரத்தைக் குடைந்து ஓடம் செய்கிறான்; கடைசியில் அதைத் தண்ணீருக்கு இழுத்துப் போக முடியவில்லை. நான் இரக்கத்தை எதிர்பார்த்த இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அவருக்குக் கட்டுமரம் கட்டத் தெரியாதா சார்?" என்றான் ஒரு பையன். "நாலு மரத்தைத் தனித்தனியா கரைக்கு உருட்டிட்டு வந்து, அங்க வச்சிக் கட்டுனா போச்சு."

வலை முடிந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "மரம் வெட்றதுக்கு முன்னாடி கரை எங்க இருக்குன்னு பாக்கணும்" என்றார்.

ரூஸோவுக்கு இது தோன்றியிருக்காது. கடலில் பிழைக்கிறவனுக்கு அந்த மகாவீரன் தொழில் தெரியாத ஓர் ஆசாமி. சிபாரிசு செய்கிறவன், வாங்கிக்கொள்கிறவனுக்குத் தன்னைவிடக் குறைவாகத்தான் தெரியும் என்று எண்ணிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறான். அந்த எண்ணம் உடைந்த பிறகும் அவர்களுக்குப் புத்தகம் பிடித்துத்தான் இருந்தது என்பது எனக்கு ஆறுதல்.

என் பையில் இன்னொரு புத்தகம் இருந்தது. வெளியே எடுப்பதா வேண்டாமா என்று வழி நெடுகத் தவித்திருந்தேன். தாரா பதிப்பகம் 2009-இல் வெளியிட்ட 'சுனாமி'. வங்காளத்துப் பட்டுவா ஓவியர்களான ஜாய்தேவ் சித்ரகர், மோய்னா சித்ரகர் இருவரும் ஆக்கியது. பட்டுவாக்கள் படச்சுருளை விரித்துக் காட்டிப் பாடிக்கொண்டே கதை சொல்கிறவர்கள். புத்தகமும் அப்படியே சுருள்போல விரியும்.

2004 டிசம்பர் 26 அன்று இந்த ஊருக்கு என்ன நடந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. சிங்கப்பூரில் வேலையிலிருந்த இவ்வூர் இளைஞர் ஒருவர், நிலநடுக்கச் செய்தியும் அலைச் செய்தியும் கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் நிறுவிய அறிவு மையங்களில் ஒன்று இங்கே இருந்தது. கடல் நிலவரம் சொல்லிவந்த அந்த மையத்தின் ஒலிபெருக்கி அன்று "ஓடுங்கள்" என்றது. வீடுகள் போயின, படகுகள் போயின. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் பிழைத்தார்கள். இன்று அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அதற்குப் பின் பிறந்தவர்கள்.

அவர்கள் முன்னால் அந்தப் புத்தகத்தை விரிக்கலாமா? நாளை கடலுக்குப் போக வேண்டிய குலத்துப் பிள்ளை. அதன் மனத்தில் பயத்தை நடுவதற்கு நான் யார்? இந்தக் கரையில் கடலை அம்மா என்கிறார்கள். பட்டுவாக்களின் சுனாமிச் சுருள்களில் அலைக்கு ஒரு ராட்சச முகம் உண்டு. அம்மாவின் முகத்தை ராட்சசியாக்கிக் காட்டுவது தர்மமா? இப்படியெல்லாம் எனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி என்னைக் கேட்காமலே பைக்குள் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்துவிட்டாள். தத்துவ விசாரம் அதோடு முடிந்தது.

வாசற்படியில் இருந்த அவள் ஆயா கிட்டே வந்து நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்கு ஏது தம்பி மூஞ்சி? தண்ணி ஏறிச்சு, அவ்ளோதான். இப்படி ஒரு மூஞ்சியோட வந்திருந்தா போன் இல்லாமலே ஓடியிருப்பமே" என்றார்.

சிறுமி படங்களை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே போனாள். கடைசி வரை போய், மறுபடி மேலே வந்தாள்.

"போன் பண்ணவர் எங்க சார்?"

அவர் அதில் இல்லை. வங்காளத்து ஓவியர்கள் தாம் கேள்விப்பட்ட துயரத்தை வரைந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை என் பட்டியலில் இருந்தது. நான் எழுதிவைத்த பெயர்களில் ஒன்றில்கூட இந்த ஊர்ப் பிள்ளை தன் வாசலை அடையாளம் காண முடியாது. கீழடி இருந்தது, டோக்கியோ இருந்தது. தெற்கே சில கல் தூரத்தில் நடந்தது என்றாவது சொல்லும்படி ஒரு கதை இல்லை. பயத்தைத் தரலாமா கூடாதா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பயம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஆயா சோறு போடும்போது சொல்கிறாள். அவர்களிடம் இல்லாதது, அது அச்சில் ஏறத் தகுந்த விஷயம்தான் என்ற அத்தாட்சி.

'மரப்பாச்சி' நாவலைப் பற்றியும் அன்று சச்சரவு வந்தது. தகாத முறையில் தொடுகிறவர்களிடமிருந்து பிள்ளை தன்னைக் காத்துக்கொள்வதைப் பேசும் கதை. ஒரு தாய்க்குச் சம்மதமில்லை. "இதையெல்லாம் இந்த வயசுல எதுக்குப் படிக்கணும்?" என்றார். நியாயமான கவலை; நான் அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். குழந்தைப் பருவம் ஒரு தடவைதான் வருகிறது, அதில் எவ்வளவு காலம் கபடமற்று இருக்க முடியுமோ இருக்கட்டும் என்பது தாயின் கட்சி. ஆனால் அந்த ஒலிபெருக்கி 2004-இல் கூவியபோது, இந்தச் செய்தி எட்டு வயதுக்கு ஏற்றதா என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது அலை, இது வேற" என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. அலை எல்லோர் வீட்டுக்கும் வந்தது. இது சில வீடுகளுக்கு மட்டும் வருகிறது, எந்த வீடு என்று முன்கூட்டித் தெரிவதில்லை. கடைசியில் புத்தகத்தை மேல் தட்டில் வைப்பது, கேட்கிற பிள்ளைக்கு ஆசிரியை கூட இருந்து தருவது என்று முடிவாயிற்று. எனக்கு முழுத் திருப்தி இல்லை. அந்தத் தாய்க்கும் இல்லை.

பட்டியலில் முப்பத்தொன்பது பெயர்களைத்தான் எழுதினேன். நாற்பதாவது புத்தகத்தின் பணத்தில் கோடில்லாத நோட்டுகள் வாங்கச் சொன்னேன். பிள்ளைகள் வரைவார்களோ, விமானம் செய்து பறக்க விடுவார்களோ, அது அவர்கள் பாடு.

புறப்படும்போது ஆசிரியை, பட்டியலின் அடியில் கையெழுத்துக் கேட்டார். சுவரில் ஒட்டப் போகிறாராம். போட்டேன். சிபாரிசுக் கடிதங்களில் நான் ஒருபோதும் செய்யாத ஒரு காரியத்தையும் செய்தேன்: கையெழுத்துக்குக் கீழே, 'புத்தகம் மோசமாக இருந்தால் சொல்லுங்கள்' என்று என் தொலைபேசி எண்ணை எழுதினேன்.

இதுவரை இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, டோட்டோ-சானின் பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறதா, அங்கே சேர எத்தனை மார்க் வேண்டும் என்று. மற்றது அந்தப் பையன். பாதி படித்துவிட்டானாம், ராபின்சன் இன்னும் தீவிலேயே இருக்கிறானாம். மீதியைப் படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டான்.