கேளாதார்க்கும் அபயம்

காவிரிப் பாசன வயல்களில் இறங்கி உழைப்போரைப் பாம்பு தீண்டுதல் புதிதன்று. அப்பொழுது மருத்துவர் உடனே வினவுவன சில: தீண்டி எவ்வளவு நேரமாயிற்று? பார்வை இரட்டையாகத் தெரிகிறதா? விழுங்க முடிகிறதா? தீண்டப்பட்டவர் காது கேளாதவராயின் இவ்வினாக்கள் அவரைச் சென்றடைவதில்லை. உடன் வந்தவர் ஊகித்துரைப்பதே விடையாகிவிடுகிறது. அறுவை சிகிச்சைக்கான ஒப்புதலும் அவ்வாறே பெறப்படின் அதனை நோயாளியின் ஒப்புதல் எனலாமோ? உடலும் அவருடையது, அச்சமும் அவருடையது.

நம் ஆன்றோர் தானத்தை ஆகாரம், ஔஷதம், அபயம், சாத்திரம் என நான்காக வகுத்தனர். ஊசியேற்றியும், நிகழ்வது இன்னதென உணர்த்தாதுவிடின் ஔஷதம் அளித்தோம்; அபயம் அளித்தோமில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகைகளையும் கருத்துப் பரிமாற்ற முறையாக ஏற்கிறது. 2018இல் இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் வெளியிட்ட 3000 சொற்கள் கொண்ட அகராதியில் மருத்துவச் சொற்களும் உள. பெரிய முடிவுகளுக்குத் தேர்ந்த சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். ஆயினும் வலி, மயக்கம், ஊசி, உணவுக்கு முன், பின் என்னும் சில சைகைகள் அறிந்தால், முதல் வினாவை நோயாளியின் முகம் நோக்கியே கேட்கலாம். இதனைக் கருணை என்பதினும் கடன் என்பதே பொருந்தும். நம் இல்லங்களில் மருத்துவமும் செவிலியமும் பயிலும் இளைஞர் இக்கடனை ஏற்பார்களாக.