நிறம் மாறாத நீர்

மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று அக்கரைப்பற்றை நோக்கி நீளும் அம்பாறைக் கரையோரம் ஒடுங்கிய நிலம். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே உள்ள மணல் திட்டில் வளவோடு வளவு ஒட்டிய வீடுகள். மணலைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். குழாய் நீர் வந்த பிறகும் கிணறு தூர்ந்துபோகவில்லை. குளிக்கவும், உடுப்புக் கழுவவும், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூச் செய்யவும் இன்றும் அதில் அள்ளுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து கிணறுகளை உப்பாக்கியபோது, மணலுக்கு மேலே நடப்பது கீழே இறங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை இக்கரை மக்கள் கண்ணால் கண்டார்கள். இலத்திரனியல் கழிவு எழுப்பும் மார்க்கக் கேள்வியும் இந்த மணலில்தான் பிறக்கிறது. வளவின் மூலையில் புதைத்த பழைய பற்றரியின் ஈயம் கிணற்றில் கலந்தால், அந்த நீர் சுத்தமான நீரா?

இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டநூல்கள் நீரைப் பற்றிய பாடத்தோடுதான் தொடங்குகின்றன. குல்லத்தைன் எனப்படும் அளவு, அதாவது ஏறத்தாழ 200 லீற்றர், நிறைந்த நீரில் நஜீஸ் எனப்படும் அசுத்தப் பொருள் விழுந்தால் நிறம், சுவை, மணம் என்ற மூன்றில் ஒன்று மாறினால்தான் அந்த நீர் அசுத்தமாகும். பள்ளிவாசல் ஹவுழுகள் என்ற நீர்த்தொட்டிகள் பெரிதாகக் கட்டப்படுவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். அழுகலையும் மலத்தையும் செத்த உயிரையும் பொறுத்தவரை இது நல்ல அளவுகோல். கண்ணும் நாக்கும் மூக்கும் அங்கே போதுமான சாட்சிகள். ஈயம் இந்த மூன்று சாட்சிகளையும் தாண்டிப் போய்விடும். நீரில் கரையும் அளவில் அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, நாக்கு உணரும் சுவையுமில்லை. பாதரசமும் கட்மியமும் அப்படியே. ஆகவே சட்டநூலின் சொல்லில் அந்தக் கிணற்று நீர் தாஹிர், அதாவது சுத்தமானதுதான், அதில் வுழூவும் கூடும். ஆனால் ஒரு பிள்ளை அதைக் குடிப்பது வேறு விடயம்.

வீட்டுப் பொருட்களுக்குள் இருப்பதைப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் கனம் விளங்கும். வெளிநாட்டுக்குத் தொழிலுக்குப் போனவர்கள் ஒரு காலத்தில் ஆசையாகக் கொண்டுவந்த பருத்த தொலைக்காட்சிப் பெட்டிகள் பல வீடுகளில் இன்று கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. அவற்றின் படக்குழாயில் பின்புறமாகக் குவிந்திருக்கும் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஒட்சைட்டு. குழாயின் கழுத்தைச் சுற்றியிருக்கும் செப்புக் கம்பிச் சுருளுக்கு மட்டும் விலை உண்டு. அதைக் கழற்றுவதற்காகச் சுத்தியலால் ஓர் அடி அடிப்பார்கள். கண்ணாடி நொறுங்கி மணலில் சிதறும். திரையின் உட்பக்கத்தில் பூசியிருந்த வெண்தூள் கையில் ஒட்டும். செம்பு பழைய இரும்புக்காரரின் சாக்குக்குப் போகும், கண்ணாடி மணலிலேயே கிடக்கும். வாகனப் பற்றரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். மின்சேமிப்புக் குமிழுக்குள் சில மில்லிகிராம் பாதரசம். மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையை எரித்துச் செம்பெடுக்கும்போது எழும் கரும்புகையில் டயொக்சின்கள். பெரியவர் உடல் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடல் உறிஞ்சுகிறது. ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கண்ணுக்குத் தெரியாத உலோகத்தைப் பற்றிப் பழைய சட்டநூல்கள் ஒன்றுமே பேசவில்லை என்று எண்ணினால் அது பிழை. மத்ரஸாவில் முதல் வருட மாணவர் ஓதும் அபூ ஷுஜாஉவின் சிறுநூலிலேயே நீர் நான்கு வகையாகப் பிரிக்கப்படுகிறது. அதில் இரண்டாவது வகை சுத்தமானது, சுத்தப்படுத்தவும் கூடியது, ஆயினும் மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது: வெயிலில் சூடான நீர். வெப்ப நாடுகளில் செம்பு, இரும்பு போன்ற உலோகப் பாத்திரத்தில் வெயில் பட்டால், பாத்திரத்திலிருந்து ஏதோ ஒன்று பிரிந்து நீரில் கலந்து தோலில் நோயுண்டாக்கும் என்பதே உரைநூல்கள் சொல்லும் காரணம். பொன், வெள்ளிப் பாத்திரங்களின் உலோகம் தூய்மையானது என்று அவற்றுக்கு இதிலிருந்து விலக்கும் அளித்தார்கள். மத்ஹபின் பெரிய அறிஞரான நவவி இமாம், ஆதாரம் போதாது என்று இந்த விதியை ஏற்கவில்லை. ஷாபிஈ இமாமோ தமது அல்-உம்மு நூலில், வைத்தியம் சொன்னாலன்றித் தாம் அந்த நீரை வெறுக்கவில்லை என்ற கருத்தை வைத்தார். அந்த மருத்துவக் கருத்து சரியா பிழையா என்பதைவிட, நிறமும் மணமும் மாறாத நீரில் உலோகத்தால் தீங்கு இருக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டதும், அதைத் தீர்மானிக்கும் சாட்சி வைத்தியரிடம் விடப்பட்டதும்தான் இன்று பெரிது. இன்றைய சாட்சி இரசாயன ஆய்வுகூடம். அன்றைய வைத்தியரிடம் கிடைத்ததைவிட அதன் சாட்சியம் பலமானது.

சுத்தம் ஒன்று, தீங்கின்மை இன்னொன்று என்பதையும் மத்ஹப் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. நஞ்சும் கண்ணாடியும் நஜீஸ் அல்ல. ஆனாலும் உடலைக் கெடுப்பதால் அவற்றை உண்பது ஹராம். தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது சட்டக்கலையின் ஐந்து பெருவிதிகளில் ஒன்று. நவவியின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் 32ஆவது அதற்கு வேர். கஸ்ஸாலி இமாம் மார்க்கச் சட்டத்தின் நோக்கங்களாக மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தின் பாதுகாப்பைச் சொன்னார். அறிவைக் காப்பதற்கு எடுத்துக்காட்டு மதுவிலக்கு. பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் குறைத்து, நாளை ஓதவும் படிக்கவும் வேண்டிய அறிவைத் தேய்க்கும் ஈயமும் அதே வரிசையில் நிற்க வேண்டியது. மது குடிப்பவன் தன் அறிவையே கெடுக்கிறான். ஈயமோ குடிக்கிறோம் என்று அறியாத பிள்ளையின் அறிவைக் கெடுக்கிறது.

தன் வளவில் தான் புதைப்பதை யார் கேட்பது என்ற எண்ணத்துக்கும் பதில் உண்டு. ஒவ்வொருவரும் தம் சொத்தில் வழமைப்படி நடக்கலாம், வழமையை மீறினால் ஈடு செய்ய வேண்டும் என்பது நவவியின் சட்டநூலான மின்ஹாஜில் உள்ள விதி. சாம்பலும் மீன் தலையும் புதைப்பது வழமை. அமிலமும் ஈயமும் நிறைந்த பெட்டியைப் புதைப்பது எந்த ஊருக்கும் வழமையாக இருந்ததில்லை. நெருக்கிக் கட்டிய இக்கரையில் ஒரு வேலிக்கு அப்பால் அடுத்தவர் கிணறு இருக்கிறது.

பள்ளிவாசல் களஞ்சிய அறைகளில் வேறொரு தயக்கம் உண்டு. பழுதான ஒலிபெருக்கியும், வீங்கிய பற்றரியும், கருகிய குழல்விளக்கும் இறைவழிக்கு அர்ப்பணித்த வக்ஃபுப் பொருள் என்பதால் கை வைக்கப்படாமல் வருடக்கணக்கில் குவிகின்றன. மின்ஹாஜின் வலுவான கருத்தோ, நைந்துபோன பள்ளிவாசல் பாய்களையும் எரிக்க மட்டுமே உதவும் முறிந்த மரங்களையும் விற்கலாம் என்பது. பழுதான கருவிகளுக்கும் அதே நியாயம் பொருந்தும். வேலை செய்யாத கணினியை ஏழைப் பாடசாலைக்கு ஸதகா என்று கொடுப்பது மட்டும் இதில் சேராது. தாமே விரும்பி வாங்காததைத் தர்மமாகக் கொடுப்பதைக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் கண்டிக்கிறது. பெறுபவர் வாசலுக்குக் கழிவை மாற்றுவது தர்மக் கணக்கில் வராது.

இலங்கையில் இலத்திரனியல் கழிவு, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வெளியான ஒழுங்குவிதிகளில் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவாக உள்ளது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவரே அதைக் கையாளலாம். 2022இல் உலகில் சேர்ந்த 62 மில்லியன் தொன்னில் 22.3 வீதம் மட்டுமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது. எஞ்சியதில் பெரும்பங்கு எங்கே போகும் என்பதற்கு அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேடு சாட்சி. அங்கே பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் 20 யானைகள்வரை இறந்த செய்தி 2022 ஜனவரியில் உலகெங்கும் போனது. திறந்த மேட்டில் யானைக்குத் தெரியாதது, மழையோடு இறங்கும்போது கிணற்றுக்காரருக்கும் தெரியாது.

இலங்கையில் பிறந்த ஃபஸ்லுன் காலித் முன்னின்று உழைத்த, காலநிலை மாற்றம் பற்றிய 2015 இஸ்தான்பூல் இஸ்லாமியப் பிரகடனமும், 2024இல் வெளியான அல்-மீஸான் உடன்படிக்கையும் மனிதனைப் பூமியின் அமானிதக்காரனாகப் பார்க்கின்றன. ஊரளவில் அந்த அமானிதத்துக்குப் பொருத்தமான சட்டப்பெயர் பர்ளு கிஃபாயா: ஜனாஸா நல்லடக்கத்தைப் போல, சிலர் செய்தால் எல்லோர் பொறுப்பும் நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். அனுமதிப்பத்திரக்காரரின் லொறி வர வேண்டிய கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பால். ஒரு குமிழுக்காக எந்த லொறியும் வராது. ஜமாஅத்துக்கு ஓர் இடம், மழை படாத கூரை, சீமெந்துத் தரை இருந்தால் லொறிக்குப் போதுமான அளவு சேரும். அங்கே படக்குழாயை உடைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். குழல்விளக்கை அதன் அட்டைப்பெட்டியிலேயே போட வேண்டும். வீங்கிய கைத்தொலைபேசி பற்றரியைக் குத்தாமல், மற்றவற்றோடு கலக்காமல், காய்ந்த மணல் நிரப்பிய வாளியில் வைக்க வேண்டும். மணலுக்கு இக்கரையில் பஞ்சமில்லை.