வீட்டுக்கு மூப்பர், கோவிலுக்கு மூப்பர்



புனித சின்னப்பர் தம் சீடரான திமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தை இன்றிரவு செபமாலை முடிந்தபின் எடுத்து வாசியுங்கள். திருச்சபையிலே மேற்பார்வைப் பொறுப்பை விரும்புகிறவன் எப்படிப்பட்டவனாயிருக்க வேண்டுமென்று அப்போஸ்தலர் அங்கே சொல்லுகிறார். அவன் எந்தக் குடும்பத்தான், எவ்வளவு சொத்துடையவன் என்று அவர் விசாரிக்கவில்லை. குடிகாரனா, சண்டைக்காரனா, பண ஆசை பிடித்தவனா என்று விசாரிக்கிறார். அதன்பின் நேராக அவனுடைய வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். தன் சொந்த வீட்டை நடத்தத் தெரியாதவன் இறைவனுடைய திருச்சபையை எப்படிப் பராமரிப்பான் என்பதே அவருடைய கேள்வி.

இந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் ஒரு நுட்பம் உண்டு. வீட்டைப் பற்றிப் பேசும்போது முன்நின்று நடத்துதல் என்ற பொருளுள்ள சொல்லை வழங்கும் அப்போஸ்தலர், திருச்சபையைப் பற்றிப் பேசும்போது சொல்லை மாற்றிவிடுகிறார். அங்கே வருவது பேணிப் பராமரித்தல் என்று பொருள்படும் சொல். புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் வேறு ஒரே ஒரு கதையில்தான் வருகிறது. அது நல்ல சமாரியன் உவமை. குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமாரியன் சத்திரத்தில் வைத்துப் பராமரித்தான், சத்திரக்காரனிடமும் அவனைப் பராமரிக்கச் சொல்லிப் பணம் கொடுத்தான் என்று புனித லூக்காஸ் எழுதுகிறாரே, அதே சொல்! ஆகவே வீட்டில் அதிகாரம் பண்ணிப் பழகியவன் கோவிலிலும் அதிகாரம் பண்ணலாம் என்று இந்த வசனத்துக்கு அர்த்தம் சொல்லுவோர் மூலத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள். காயத்துக்கு எண்ணெய் வார்க்க ஒருவன் எங்கே பழகியிருக்கிறான் என்பதுதான் அங்கே கேட்கப்படுவது.

பழைய ஏற்பாட்டிலே ஏலி என்னும் பெரிய குருவை நினைத்துப் பாருங்கள். சீலோவிலே ஆண்டவருடைய ஆலயத்துக்குப் பொறுப்பாயிருந்தவர். 40 வருடம் இஸ்ராயேலுக்கு நீதி விசாரித்தவர். தீயவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கண்ணீரோடு வந்த அன்னாளை முதலில் குடித்திருக்கிறாள் என்று தவறாக நினைத்தாலும், பின்பு ஆசீர்வதித்து அனுப்பியவர். அவளுடைய பிள்ளையான சாமுவேலைத் தம் பிள்ளைபோல் வளர்த்து, ஆண்டவருடைய குரலுக்கு எப்படிப் பதில் சொல்லவேண்டுமென்று கற்றுக்கொடுத்தவரும் அவரே. ஊரார் பிள்ளையை வளர்த்தெடுத்தவருக்குச் சொந்தப் பிள்ளைகளைத் திருத்த முடியவில்லை. ஓப்னியும் பினகாசும் பலியிட வந்த சனங்களிடமிருந்து இறைச்சியைப் பலாத்காரமாய்ப் பிடுங்கினார்கள். அதனால் சனங்களுக்குப் பலியின்மேலேயே வெறுப்பு உண்டாயிற்று. ஏலிக்கு எல்லாம் தெரியும். ஒருமுறை கூப்பிட்டு, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான். அவர்களை அந்தப் பணியிலிருந்து விலக்கவில்லை. ஆண்டவரைவிட மக்களையே கனம்பண்ணினாய் என்பது அவர்மேல் வந்த குற்றச்சாட்டு. யுத்தத்தில் இரு மக்களும் ஒரே நாளில் மடிந்தார்கள், உடன்படிக்கைப் பேழையும் எதிரிகள் கைக்குப் போயிற்று. செய்தி கேட்ட 98 வயதுக் கிழவர் இருக்கையிலிருந்து மல்லாந்து விழுந்து மாண்டார். வீட்டுக்குள்ளே பேசாமல் விட்டது பேழையை இழப்பது வரைக்கும் போய்விட்டது.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளை வழிதவறிய வீடுகளைப் பார்த்து விரல் நீட்டுவதற்கு இந்த வேதவாக்கியத்தை யாரும் ஆயுதமாக்க வேண்டாம். உத்தமரான சாமுவேலுடைய மக்களும் கைக்கூலி வாங்கினவர்களே. ஊதாரிப் பிள்ளையின் தகப்பனிலும் நல்ல தகப்பனை யார் கண்டார்? பிள்ளை எங்கே போய் நிற்கிறான் என்பதைக் கொண்டு தகப்பனை அளக்க முடியாது. அவன் திரும்பி வந்தால் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க ஆயத்தமாயிருக்கிறானா என்பதைப் பாருங்கள்.

தகப்பனில்லாத வீடுகளும் நம்மிடையே அநேகம். யுத்தம் பறித்தது பாதி. கடல் கடந்த உழைப்பு பிரித்தது மீதி. அந்த வீட்டுத் தாய்மார் மனஞ்சோர வேண்டாம். இந்தத் திருமுகத்தைப் பெற்ற திமோத்தேயுவின் தகப்பன் ஒரு கிரேக்கன். அவருக்கு விசுவாசம் வந்தது பாட்டி லோயியிடமிருந்தும் தாய் யூனிக்கியிடமிருந்தும் என்று புனித சின்னப்பரே இரண்டாம் திருமுகத்தில் நன்றியோடு நினைவுகூருகிறார்.

நம்முடைய சரித்திரத்துக்கு வருவோம். 1658ல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. குருக்கள் துரத்தப்பட்டார்கள், அவர்களுக்கு இடங்கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687ல் கோவையிலிருந்து புனித யோசவ் வாஸ் அடிகளார் ஏழைக் கோலத்தில் வந்து சேரும்வரை 29 ஆண்டுகள். பூசையில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு அவர் வீடு வீடாய்ப் பிச்சை கேட்டுப் போனபோது, அந்த மாலையைக் கண்டு முகம் மலர்ந்த வீடுகள் இருந்தனவே, அது எப்படி? அந்த 29 வருடமும் தாய் தகப்பன்மார் கதவை அடைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் செபஞ் சொல்லிக்கொடுத்ததனால் அல்லவா! அடிகளாரும் ஊருக்கூர் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தி, தாம் இல்லாத காலத்தில் சபையைக் கூட்டும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். குடும்பத்தைக் காத்த கைகளே கோவிலையும் காத்தன.

பாப்பரசர் 2ம் அருளப்பர் சின்னப்பருக்குத் தாய் இறந்தபோது வயது 8. மூன்று வருடத்தில் வைத்தியரான அண்ணனும் இறந்தார். இராணுவ உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற தகப்பனே சமைத்து, உடுப்புத் தைத்து, அவரை வளர்த்தார். இரவில் தாம் விழிக்கும்போது தகப்பன் முழந்தாளில் நிற்பதைக் கண்டதுண்டென்றும், குருத்துவ அழைத்தலைப் பற்றித் தாங்கள் இருவரும் பேசிக்கொண்டதேயில்லை, ஆனால் அதுவே தமக்கு முதற் குருமடமாயிற்றென்றும் பாப்பரசர் தமது குருத்துவப் பொன்விழா ஆண்டான 1996ல் எழுதினார். பேச்சே இல்லாத அந்தப் போதனையை நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் காண்கிறார்கள்? செபமாலை தாய்க்கும் பெண்பிள்ளைகளுக்கும் உரியது, தகப்பனுக்குக் கைத்தொலைபேசி என்றல்லவா பல வீடுகளில் பங்கு பிரித்திருக்கிறார்கள்!

விவாகமானவர்களும் நிரந்தரத் திருத்தொண்டராகலாம் என்று 2ம் வத்திக்கான் சங்கம் வழிதிறந்தபின், 1967ல் பாப்பரசர் 6ம் சின்னப்பர் அதற்கான விதிகளை வகுத்தார். விவாகமானவருக்கு மனைவியின் சம்மதம் கட்டாயம் என்பது அவற்றில் ஒன்று. பங்குப் பேரவைக்கு ஆள் தெரியும்போதும் இந்த விதியைக் கைக்கொண்டால் என்ன என்று அடியேன் யோசிப்பதுண்டு. சிலருக்கு வாக்குக் குறையும்!

கரையோரப் பங்கொன்றில் அடியேன் பணியாற்றிய காலம். கோவில் மூப்பர் காலமானபின், எல்லாரும் மதித்த ஒரு சம்மாட்டியாரிடம் போய் அந்தப் பொறுப்பை ஏற்கும்படி கேட்டேன். அவர் நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"வேண்டாம் சுவாமி. என்ரை மூத்தவன் என்னோடை கதைச்சு ஒண்டரை வருசமாகுது. வலையைப் பற்றின சண்டையிலை சனத்துக்கு முன்னாலை கை நீட்டிப்போட்டன். கோவில்லை நான் முன்னுக்கு நிண்டால் அவன் பின்னுக்கும் வரமாட்டான்."

பொறுப்பைத் தட்டிக்கழிக்கச் சொல்லும் சாட்டு என்று எண்ணி, அடியேன் சற்றுக் கோபத்தோடே எழும்பி வந்துவிட்டேன். வேறொருவரை மூப்பராக்கினேன். அவர் சொன்னதுதான் புனித சின்னப்பரின் வாக்கியம் என்பது, பிரசங்கத்துக்காக அந்த அதிகாரத்தை ஆயத்தம் பண்ணிய ஓர் இரவில்தான் எனக்குப் பட்டது. மறுநாள் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்கள் என்னட்டைக் கேட்டமாதிரி நான் அவனிட்டைக் கேட்கவேணும், அதுதான் வாய் வருகுதில்லை" என்றார்.

கேட்டார் போலும். எப்போது, எப்படி என்று அவர் சொல்லவுமில்லை, நான் விசாரிக்கவுமில்லை. மாற்றலாகிப் போகும்வரை அவரை மூப்பராக்க என்னால் இயலவில்லை. ஆனால் அந்தப் பங்கில் நான் கண்ட கடைசித் திருநாளில், மாதாவின் சுரூபக் கூட்டை வீதிக்கு எடுத்தபோது, பின்பக்கத்துக் கொம்பின் ஒரு தலைப்பில் தகப்பனும் மறு தலைப்பில் மகனும் தோள் கொடுத்து வந்தார்கள். மகன் உயரமானவன். கூடு சரியாமலிருக்க அவன் முழங்காலைச் சற்று மடக்கி மடக்கி நடந்தான்.